இறையியலாளரும் உளவியலாளரும் சேர்ந்து ஆய்வு செய்யலாமா? கடலூர், புதுச்சேரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் ஒரு கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சைவ சித்தாந்தம் படித்த நண்பர் ஒருவரோடும், இறையியல் கற்பிக்கும் ஒரு அருட்தந்தையோடும் சேர்ந்து பல வருடமாக ஆய்வு வேலை செய்து வருகிறேன். மாணவர்கள், அவர்களுடைய கைடுகள், ஓதுவார்கள், சில சமயம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள்கூட திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். ஆய்வுக்கான கேள்வியை இரண்டு துறையினரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து உருவாக்க வேண்டும். பதில்கள் பலவற்றிலும் அந்தப் பிடிவாதம் தெரியும்.

இறையியலுக்கும் உளவியலுக்கும் என்ன சம்பந்தம்? எதற்காகச் சேர வேண்டும்?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது நான் மாணவன். தேவனாம்பட்டினத்து மக்கள் தங்கியிருந்த ஒரு மண்டபத்தில் தொண்டு வேலைக்குப் போயிருந்தேன். என் கையில் ஒரு தாள் இருந்தது. தூக்கம் வருகிறதா, சாப்பிட முடிகிறதா, அலைச்சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கிறதா என்று வரிசையாகக் கேட்டு டிக் போட வேண்டும்.

மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். முடிந்ததும் அவர் ஒன்று கேட்டார்: "கடலம்மா இப்படிப் பண்ணிட்டாளே, நான் என்னப்பா குறை வச்சேன்?" என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை. பக்கத்தில் சமயத் தொண்டு செய்ய வந்திருந்த ஒருவர் சட்டென்று, "எல்லாம் அவன் சித்தம்மா" என்றார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்னிடம் கேள்வி மட்டும் இருந்தது, அந்தச் சமயத் தொண்டரிடம் பதில் மட்டும் இருந்தது. நாங்கள் இருவரும் மண்டபத்துக்கு வருவதற்கு முன்பே ஒருநாள் உட்கார்ந்து பேசியிருந்தால், அந்த அம்மாவின் கேள்வியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவாவது தெரிந்திருக்கும். இன்னொன்றும் இருந்தது. உடல் கிடைக்காத மகனுக்கு எந்த நாளைக் கணக்கு வைத்துப் பதினாறாம் நாள் காரியம் செய்வது? அது சடங்குக் கேள்வி. துக்கம் ஒரு கரைக்கு வருமா என்ற கேள்வியும் அதுதான். அதை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ள முடியாது.

இறையியலாளர் என்றால் பாதிரியாரா?

'இறையியல்' என்ற சொல் நம் ஊரில் பெரும்பாலும் கிறிஸ்தவக் கல்லூரிகளில் புழங்குவதால் அப்படித் தோன்றுகிறது. கடவுள், உயிர், உலகு பற்றித் தன் மரபின் நூல்களைக் கற்று, காரணம் கேட்டு, ஆராய்ந்து சொல்பவர் எவரும் இங்கே இறையியலாளர்தான். சைவத்தில் சித்தாந்தி, வைணவத்தில் வியாக்கியானம் படித்தவர், பரங்கிப்பேட்டை முஸ்லிம்களிடம் போய்க் கேட்டால் ஆலிம்.

நம் மாவட்டத்துக்கு இதில் பெரிய பாத்தியதை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பெண்ணாகடத்தில் பிறந்த மெய்கண்டார் சிவஞானபோதத்தை 12 சூத்திரத்தில் முடித்தார். அதன் 3ஆம், 4ஆம் சூத்திரங்களை என் மாணவர்களுக்கு நான் தவறாமல் காட்டுவேன். உடம்பு உயிரா, ஐம்புலன் உயிரா, மூச்சு உயிரா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருகிறார். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற அந்தக்கரணங்களும் உயிர் ஆகாது, அமைச்சர்களோடு இருக்கும் அரசன் போல உயிர் அவற்றோடு கூடி நிற்கிறது என்கிறார். மனத்தின் வேலைகளைப் பிரித்துப் பார்க்கும் இந்த முயற்சி உளவியல் மாணவருக்கு அந்நியமாக இருக்காது. அடுத்த நூற்றாண்டில் சிதம்பரத்தில் உமாபதி சிவம் இதே மரபில் எழுதினார். வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலை திறந்த வள்ளலார், பசி வந்தால் மனமும் அறிவும் என்ன ஆகும் என்று படிப்படியாக விவரித்திருக்கிறார்.

குருக்கள், பூசாரி, பங்குத்தந்தை எல்லோரும் இறையியலாளர் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் மக்கள் முதலில் போய் அழுவது அவர்களிடம்தான். களவேலைக்கு அவர்கள் இல்லாமல் முடியாது.

வெளிநாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1901-02இல் எடின்பரோவில் சமய அனுபவம் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் இன்றும் இரண்டு துறையிலும் பாடம். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டு மதத்தை மாயை என்று எழுதியவர். அவரே ஆஸ்கர் ஃபிஸ்டர் என்ற சுவிஸ் போதகருடன் 1909 முதல் 30 வருடம் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். ஃபிஸ்டர் அவருக்கு அச்சிலேயே மறுப்பு எழுதினார். நட்பு கெடவில்லை. அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் 1920இல் மனநோய் வந்து மருத்துவமனையில் இருந்தார். குணமாகி வெளியே வந்த பிறகு, 1925இல் இறையியல் மாணவர்களை உஸ்டர் மனநல மருத்துவமனைக்கே அழைத்துப்போய் நோயாளிகளிடமிருந்து பாடம் கற்க வைத்தார். போதகர்களுக்கான மருத்துவமனைப் பயிற்சி அங்கிருந்து வளர்ந்ததுதான்.

முறிந்துபோன கூட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். அதில்தான் நமக்குப் பாடம் அதிகம். சுவிஸ் உளவியலாளர் கார்ல் யுங்கும் விக்டர் ஒயிட் என்ற டொமினிக்கன் சபை இறையியலாளரும் 1945இல் பழக ஆரம்பித்தார்கள். இப்படி ஒரு துணைக்காகத்தான் இருவருமே காத்திருந்தது போல இருந்தது. தீமை என்றால் என்ன என்பதில் சிக்கல் வந்தது. நன்மை இல்லாத நிலையே தீமை, அதற்குத் தனி இருப்பு கிடையாது என்பது ஒயிட்டின் கத்தோலிக்க மரபு. யுங்குக்கோ தீமை என்பது நோயாளிகளின் கனவில் தினமும் சந்திக்கிற நிஜமான சக்தி. ஒருவர் இருப்பின் தன்மை பற்றிப் பேசினார், மற்றவர் அனுபவம் பற்றிப் பேசினார். சொல் மட்டும் ஒன்று. 1952இல், பைபிளில் துன்பப்படும் யோபு பற்றிய யுங்கின் நூல் வெளிவந்த பிறகு விரிசல் பெரிதானது. அதனால் நாங்கள் எந்த வேலை தொடங்கினாலும் முதல் வாரம் ஒரு நோட்டில் சொற்களை எழுதுவோம். 'உயிர்' என்று நீங்கள் சொன்னால் என்ன, நான் சொன்னால் என்ன?

ஆங்கிலக் கேள்வித்தாளைத் தமிழில் மொழிபெயர்த்தால் போதாதா?

போதாது. எனக்கு மிக முக்கியமான கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துன்பத்தில் மனிதர்கள் மதத்தை எப்படிப் பற்றிக்கொள்கிறார்கள் என்று அளக்க அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் ஒரு அளவுகோல் உருவாக்கினார். அதன் சுருக்க வடிவத்தில் 14 வாக்கியங்கள். 7 நல்ல வகை, 7 கெட்ட வகை. கடவுள் என்னைக் கைவிட்டாரா, நான் என்ன செய்தேன் என்று தண்டிக்கிறார் என்பவை கெட்ட வகையில் சேரும். இதை அலட்சியமாகத் தள்ளக் கூடாது. மருத்துவமனையில் இருந்த 596 முதியவர்களை 2 வருடம் தொடர்ந்து பார்த்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மனப்போராட்டம் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் 19 முதல் 28 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இப்போது திருவதிகைக்கு வாருங்கள். பண்ருட்டிக்குப் பக்கம்தான். 7ஆம் நூற்றாண்டில் சூலை நோயோடு, அதாவது கடும் வயிற்றுவலியோடு, அங்கே வந்து அப்பர் பாடிய முதல் பதிகம், "கூற்றாயினவாறு விலக்ககிலீர், கொடுமைபல செய்தன நான் அறியேன்" என்று தொடங்குகிறது. எமனைப் போல வந்த இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீர், நான் செய்த கொடுமை எது என்று எனக்கே தெரியவில்லை என்கிறார். அந்த 14 வாக்கியத் தாளை அவரிடம் கொடுத்திருந்தால் கெட்ட வகையில் அவருக்கு மதிப்பெண் எகிறியிருக்கும்.

சித்தாந்த நண்பர் இதைக் காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்னது இது: பக்தி மரபில் கடவுளோடு சண்டை போடுவது உரிமை. அந்நியரிடம் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம் 'சோதனை' என்ற சொல். அடியார் வேடத்தில் வந்த சிவன் கேட்டதால் தன் மகனையே கறி சமைத்த சிறுத்தொண்டர் கதை கேட்டு வளர்ந்தவர் "சாமி சோதிக்கிறார்" என்றால், தான் வெறுக்கப்பட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை. கவனிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். 'தலைவிதி'யும் 'வினை'யும் ஒன்றல்ல. முதலாவதில் செய்ய ஒன்றுமில்லை, இரண்டாவதில் இனி செய்வதற்கு இடம் இருக்கிறது. ஆங்கிலத் தாளில் இவை எல்லாம் ஒரே கட்டத்தில் விழுந்துவிடும்.

சரி, என் பதில் என்ன? அவர் சொன்னதை ஒத்துக்கொண்டேன். ஆனால் எதிரே இருக்கும் இந்த அம்மா அப்பரைப் போல உரிமையோடு கேட்கிறாரா, கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய்விட்டாரா என்று பதிகத்தைப் படித்துக் கண்டுபிடிக்க முடியாதே. அதற்கு அவரிடம்தான் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். "இப்பவும் சாமிகிட்ட பேசுறீங்களா? பேசினா மனசு எப்படி இருக்கு?" இந்த இரண்டு கேள்வியும் நண்பருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. ஒரு மாலை நேரம் கடலூர் சில்வர் பீச்சில் உட்கார்ந்து வாதாடியதில் பிறந்தவை. நான் கூட்டாய்வு என்று சொல்வது இதைத்தான்.

இந்துக்களுக்கென்று தனி அளவுகோல் தேவை என்பதை பார்கமென்ட்டின் குழுவே உணர்ந்து, நளினி தாரகேஸ்வர் தலைமையில் 2003இல் ஒரு முதல் முயற்சி வெளியிட்டது. அதுவும் அமெரிக்காவில் வாழும் இந்துக்களை வைத்துச் செய்தது. பெண்ணாகடத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

அப்படியானால் அப்பரின் சூலை மனத்தால் வந்த நோயா?

தெரிந்துகொள்ள வழியில்லை. நம்மிடம் அவர் பாடல்களும், 500 வருடம் கழித்துச் சேக்கிழார் எழுதிய வரலாறும் இருக்கின்றன. அதை வைத்து நோய்ப்பெயர் சூட்டுவது உளவியலும் ஆகாது, பக்தியும் ஆகாது.

ஆனால் சேக்கிழார் சொல்லும் ஒரு விவரத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அப்போது சமணராக இருந்த அப்பர், பாடலிபுத்திரத்துச் சமணர் மடத்தில் வலி தாங்க முடியாமல் தன் அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்புகிறார். இன்றைய திருப்பாதிரிப்புலியூர்தான் அந்த இடம் என்பார்கள். திலகவதியார் அங்கே வர மறுக்கிறார். தம்பிதான் அக்காவைத் தேடி வருகிறார், அக்கா திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப்போகிறார். வலியில் இருப்பவர் யாரைத் தேடுகிறார், அந்த உறவு எப்படித் தாங்குகிறது என்று இறையியலாளரும் உளவியலாளரும் இந்தப் பகுதியைச் சேர்ந்து வாசிக்கலாம்.

பிரார்த்தனை பலிக்குமா என்று ஆராய முடியுமா?

அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள். இதய பைபாஸ் அறுவைசிகிச்சைக்கு வந்த 1,802 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் அவர்களில் சிலருக்காக ஜெபித்தார்கள். 2006இல் முடிவு வந்தது. ஜெபத்தால் பலன் தெரியவில்லை. தனக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்திருந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. அப்படித் தெரியாத இரண்டு குழுக்களிலும் அது 51, 52 சதவீதம்தான்.

எங்கள் அருட்தந்தை இதைப் படித்துவிட்டு, "இது ஜெபத்தை அளக்கவில்லை, மாத்திரையை அளந்திருக்கிறது" என்றார். இத்தனை மில்லிகிராம் ஜெபத்துக்கு இத்தனை பலன் என்ற கடவுளை எந்த மரபும் போதிக்கவில்லை. ஜெபிப்பவருக்குள் என்ன நடக்கிறது, ஒருவருக்காக வேண்டிக்கொள்ளும் குடும்பம் அவரை எப்படி நடத்துகிறது என்று கேட்டிருந்தால் ஆராய்வதற்கு நிறைய இருந்திருக்கும்.

கோயிலில் தங்கினால் மனநோய் குணமாகும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாமே?

ஒரு ஆய்வு உண்டு, அதைப் பாதி மட்டும் சொல்லிப் பரப்புகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் பார்த்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே மருந்து கொடுக்கப்படவில்லை. சராசரியாக 6 வாரம் தங்கினார்கள். நோய் அறிகுறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது.

மீதிப் பாதி இது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. குறிப்பிட்ட சடங்கு எதுவும் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. பயமுறுத்தாத, ஆதரவான சூழல் உதவியிருக்கும் என்றார்கள். குடும்பம் கூடவே இருந்தது, யாரும் விரட்டவில்லை, சின்னச் சின்ன வேலை கொடுத்தார்கள்.

இதற்கு முந்தைய வருடம், 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்கா இருக்கும் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து 28 பேர் சங்கிலியோடு எரிந்து இறந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்திருக்காதவர் இந்தத் துறைக்கு வர வேண்டாம் என்பது என் கருத்து. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எங்கும் தடை செய்கிறது. புனிதத் தலத்துக்கும் விலக்கு இல்லை.

சாமி வந்து ஆடுவது மனநோயா?

இல்லை. பண்பாட்டிலோ சமயத்திலோ ஏற்கப்பட்ட வழக்கமாக இருந்தால் அதை நோயாகக் கணக்கிடக் கூடாது என்றுதான் இன்றைய நோய் வகைப்பாட்டு நூல்களும் சொல்கின்றன. 'ஏற்கப்பட்டது' எது என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்? தீமிதி நடத்தும் பெரியவரைக் கேளுங்கள். எந்த நாளில் வரும், எந்த உடுக்கைக்கு வரும், எப்படி மலையேற்றுவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. "இது சாமி இல்லைங்க, பிள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்று சொன்ன பூசாரிகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஆய்வு செய்பவருக்குக் கடவுள் நம்பிக்கை வேண்டுமா?

வேண்டியதில்லை. ஜெனீவா உளவியலாளர் தியோடர் ஃப்ளூர்னுவா 1900களின் தொடக்கத்திலேயே ஒரு விதி சொன்னார். உளவியலாளர் தன் ஆய்வுக்குள் கடவுள் உண்டு என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். நான் இதைப் பின்பற்றுகிறேன். கடவுள் உண்டா என்பது என் தரவில் கிடைக்காது, மாத்திரை வேண்டுமா என்பது நண்பரின் சூத்திரத்தில் கிடைக்காது. நம்பிக்கை இல்லாதவரும் வரலாம், ஆனால் நம்புகிறவரை முட்டாள் என்று நினைப்பவரால் நேர்காணல் செய்ய முடியாது. அது ஐந்து நிமிடத்தில் முகத்தில் தெரிந்துவிடும்.

புதுச்சேரி, கடலூரில் இதற்கு என்ன வசதி இருக்கிறது?

நிறைய. 1910இல் அரவிந்தர் வந்து சேர்ந்த ஊர் புதுச்சேரி. யோகத்தை மனத்தின் அறிவாகவே எழுதியவர் அவர். 2002இல் புதுச்சேரியில் நடந்த மாநாட்டில் 150க்கும் மேற்பட்ட உளவியலாளர்கள், இந்தியச் சிந்தனையில் வேரூன்றிய உளவியல் வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் சைவச் சுவடிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறியது. ஜிப்மரில் மனநலத் துறை, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை. எல்லாம் ஒன்றரை, இரண்டு மணி நேர பஸ் தூரம். பஸ் ஏறத்தான் ஆள் வேண்டும்.

பிஎச்.டி. செய்ய நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

என் தவறிலிருந்து தொடங்குங்கள். எங்கள் முதல் வேலையில் எல்லாத் தரவையும் நானே சேகரித்துவிட்டு, கடைசியில் சித்தாந்த நண்பரிடம், "ஒரு முன்னுரை எழுதிக் கொடுங்க சார்" என்று போய் நின்றேன். அவர் என் கேள்வித்தாளைப் புரட்டிவிட்டு, "இதில் 'ஆன்மிகம்' என்று கேட்டிருக்கிறீர்களே, அவர்களுக்கு என்ன புரிந்தது?" என்றார். நேர்காணல் பதிவுகளைத் திரும்பக் கேட்டேன். ஒருவருக்கு அது சபரிமலைக்கு மாலை போடுவது. இன்னொருவருக்கு டிவியில் வரும் ராசிபலன். அத்தனை உழைப்பையும் ஓரம் வைக்க வேண்டியதாயிற்று.

அதனால் முதல் ஆறு மாதம் சேர்ந்து படியுங்கள். நீங்கள் அவர்களின் ஒரு மூலநூலை, அவர்கள் உங்கள் புள்ளியியலின் அடிப்படையை. பிறகு சேர்ந்தே ஊருக்குள் போங்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள், நட்பு மிஞ்சும்.

பாவசங்கீர்த்தனத்தில் (கத்தோலிக்கர் குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும்போது) சொன்னதை ஆய்வில் பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. அங்கே சொன்னது அங்கேயே இருக்க வேண்டும். ஒரு குருவானவர் ஆய்வாளராக நேர்காணல் எடுத்தால், "இது பாவசங்கீர்த்தனம் இல்லை" என்று பேசத் தொடங்கும் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடப்பது நேர்காணலில் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ஆய்வு என்பது சாக்கு ஆகாது. ஒப்புதல் படிவத்திலேயே இதைத் தமிழில், புரிகிற மாதிரி எழுதுங்கள். எதிக்ஸ் கமிட்டி கேட்பதற்கு முன்பே எழுதுங்கள்.

நேர்ச்சை, நோன்பு எல்லாம் இருக்கும்போது மனநல மாத்திரை சாப்பிடலாமா?

ஆய்வாளர் கேட்கும் கேள்வி இல்லைதான், ஆனால் எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். மந்திரித்த கயிறு கட்டியிருந்தாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், கயிறு கட்டியிருப்பதை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். ரமலான் நோன்பு என்றால் முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். சில மாத்திரைகளுக்கு, குறிப்பாக லித்தியத்துக்கு, உடம்பில் தண்ணீர் குறைவது ஆபத்து. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் ஈடுசெய்ய மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதை ஆலிம் வாயால் கேட்டால் பலருக்கு மனம் அமைதியாகிறது. இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, அரசின் டெலி மானஸ் எண். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.